வலி எங்கே என்று கேட்டவளுக்கு

என் தாயி மரகதம்,

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் வள்ளிதான் எழுதுகிறாள். நீ எனக்குத் திருப்பிக் கொடுத்த அதே வள்ளி.

அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து போட்ட அன்று கட்டிலைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டு ஆட்கள். "தீராத வயித்துவலிங்க, தாங்க முடியாம விஷத்தக் குடிச்சுப்புட்டா" என்றார் சம்பந்தி. நம் பக்கத்தில் விஷம் குடிக்கிற பெண்கள் எல்லாருக்கும் இந்த ஒரே வயிற்றுவலிதான். போலீசும் அதையே எழுதிக்கொண்டு போனது.

கவுன்சிலிங் அம்மா என்று நாங்கள் சொல்லும் நீதான் வந்து, "எல்லாரும் அங்கிட்டுப் போயி டீ குடிச்சுட்டு வாங்க" என்று விரட்டினாய்.

"நீ என்ன டாக்டரா?" என்று எகிறினான் மாப்பிள்ளை.

"இல்லப்பா. அவரு வயித்தக் கழுவிட்டாரு. மிச்சத்த நான் பாக்கணும்."

கதவைச் சாத்திவிட்டு, "வலி எங்க ஆத்தா?" என்று கேட்டாயாம். வள்ளி வயிற்றைத் தொடவில்லை. திரும்பி முதுகைக் காட்டினாளாம்.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது தாயி. 

"ஐயா, இவள ஒங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாய் என்னிடம். "கட்டிக்குடுத்த பிள்ளைய வச்சுக்கிட்டா ஊரு என்ன சொல்லும்?" என்றார் சம்பந்தி. "பொணமா வந்தா ஊரு ஒண்ணுஞ் சொல்லாதுல்ல?" என்று கேட்டாய் நீ. அவளை என் வீட்டுக்கே கூட்டி வந்தேன்.

ஊரார் வலியை எல்லாம் கேட்டவள், உன் மாரில் இருந்த கட்டியைச் சாகிற வரை யாரிடமும் சொல்லவில்லையே. உன்னை யார் தாயி கேட்டிருக்க வேண்டும்?

ஆஸ்பத்திரியில் உன் அறையில் இப்போது உடைந்த கட்டில்களைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். உன் இடத்துக்கு ஆள் வரவில்லை. போன வாரம் விஷம் குடித்த எங்கள் தெரு மருமகள் செல்வியை அங்கே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாமியார் சொன்னது அதே வயிற்றுவலி. நர்ஸ் பிள்ளைகளுக்கு நின்று கேட்க நேரமில்லை. உயிர் தப்பியது. வயிற்றுவலி மாத்திரையைக் கொடுத்து அதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்று வாசலில் பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை. இன்னொரு தடவை என்றால் பிழைப்பாளா?

"மாமனாரையும் மாமியாரையும் நீங்க வெளிய இழுத்துக்கிட்டுப் போங்கப்பா. உள்ள நான் போறேன்" என்கிறாள் வள்ளி.

நாளைக் காலையில் போகிறோம். இரண்டு பேரையும் டீக்கடையில் உட்கார வைப்பது என் பொறுப்பு. செல்வி பேசி முடிக்கிற வரை அவர்களை எழுந்திருக்க விடமாட்டேன் தாயி.

உன்னைப் பெறாத அப்பன்,
வல்லத்திராக்கோட்டை கருப்பையா