கைதட்டல் சேர்த்த ஒப்பாரி

நண்பா, நேற்று பழவங்காடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். மேடையில் நம் பாட்டைப் போட்டார்கள். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் இடுப்பை ஆட்டி ஆடினார்கள். வாயிலிருந்ததை வெளியே போய்த் துப்பினேன்.

அது உன் அம்மாவின் மெட்டு. பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் உன் அப்பாவைக் கிடத்தியிருந்தபோது மாரில் அடித்துக்கொண்டு அவர் பாடியது. சர்ச்சில் பழகிய கிட்டாரில் நீ அதை மெதுவாக வாசித்துக் காட்டினாய். நான் கீபோர்டில் கை வைத்ததும், "ரொம்பச் சேக்காத டே. அம்மை மூச்சு விடுற எடம் காலியா கெடக்கட்டும்" என்றாய்.

பாட்டைப் பதிவு செய்ய ஸ்டுடியோவுக்குப் போனோம். ஈரக் கம்பளமும் பழைய சிகரெட்டும் ஏசிக் குளிரில் சேர்ந்து நாறிய அறை. தயாரிப்பாளர் பொரித்த கோழியைத் தின்றுகொண்டே நீ பாடியதைக் கேட்டார். எண்ணெய் விரலால் வேகத்தைக் கூட்டினார். நீ காலியாக விட்ட இடங்களிலெல்லாம் கைதட்டலைக் கொட்டினார்.

"சாரே, எங்கப்பா செத்தப்ப அம்மை அழுததாக்கும் இது."

"அழுகை ஆருக்கு வேணும் மோனே? ஆளுகள் ஆடணும்."

நீ ஹெட்போனைக் கழற்றி வைத்தாய். "அப்பம் எங்கொரல எடுத்துருங்க."

குரலை நீக்கினார், மெட்டை வைத்துக்கொண்டார். வேறொருவன் பாடினான். அம்மா 'ஐயா' என்று கதறிய இடத்தில் 'பேபி' வந்தது. ஊரெல்லாம் அதையே போட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில், கல்லாறு தாண்டிய வளைவில் உன் பைக் சறுக்கியது.

லயத்துக்கு வந்தேன். உன் தலைமாட்டில் அம்மா. மாரில் கை வைத்து அதே பாட்டின் முதல் அடியை எடுத்தார். முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை, நடக்கப் பழகிக் கொஞ்ச நாள்தான் இருக்கும், மெட்டைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே ஆடினாள். கைதட்டல் வரும் இடத்தில் சரியாகத் தட்டவும் செய்தாள். அவள் தாய் ஓடிவந்து முதுகில் ஓர் அடி வைத்தாள்.

அம்மா பாட்டை நிறுத்தினார். "பிள்ளைய அடிக்காத. அதுக்கு என்ன தெரியும்?" பிறகு என்னைப் பார்த்தார். "எய்யா, எம்புள்ளைக்கு அழ எங்கிட்ட வேற பாட்டு இல்லியே."

பாட்டில்லாமலே உன்னைத் தூக்கினோம்.

அதே மாதிரி இன்னொரு மெட்டு இருக்கிறதா என்று அந்தத் தயாரிப்பாளர் பிறகு என்னைக் கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

அம்மா பாதியில் விட்ட அந்த முதல் அடி என்னிடம் இருக்கிறது. எந்தக் கருவியிலும் அதை நான் வாசிப்பதில்லை.