இருபத்திரண்டு டிகிரி

டனீடின்,
ஜூலை 19.

அன்புள்ள ஸ்டூவர்ட்,

சுரங்கத்தில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியில் வெட்டிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மைரிக்கு ஏழு மாதம் முடிந்தது. இரண்டு பல் முளைத்திருக்கிறது. மார்புச் சளிதான் விடமாட்டேன் என்கிறது.

செவ்வாய்க்கிழமை அவளை எடை பார்க்க நர்ஸ் துவாலா வந்தார். வெளியே குளிர்காலத்து ஆலங்கட்டி மழை. ஹீட்டரை இருபத்திரண்டில் வைத்துவிட்டு மைரியின் துணியைக் கழற்றினேன். தராசில் படுக்கவைத்ததும் ஹீட்டர் நின்றது. மறுபடி போட்டேன். மறுபடி நின்றது. "ரிப்பேர் போல" என்று சொல்லிவைத்தேன். ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்துகொண்டு என் புருஷன் தன் போனிலிருந்து அணைக்கிறான் என்று எந்த வாயால் சொல்வேன்?

உடனே நீ கூப்பிட்டாய். ஒரு கை குழந்தைமேல் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். "பதினாறுக்கு மேல வைக்காதேன்னு எத்தன தடவ சொல்றது? பட்டப்பகல்ல இருபத்திரண்டு யாருக்குடி? எவன் வந்திருக்கான்?" என்று கேட்டாய்.

துவாலா தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி மைரியைச் சுற்றினார். "நான்தான் வந்திருக்கேன் தம்பி, உங்க பொண்ண எடை போட. போன மாசத்தவிட இருநூறு கிராம் கொறஞ்சிருக்கா" என்றார்.

நீ போனை வெட்டினாய்.

குழந்தை துணியில்லாமல் கிடப்பது தெரியாமல் நீ அணைத்ததைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தெரிந்த பிறகாவது போடுவாய் என்று பத்து நிமிடம் அந்த ஹீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஸ்டூவர்ட். துவாலாதான் என் தோளைத் தொட்டு, "ரிப்பேர் மெஷின்ல இல்லம்மா, கெளம்பு" என்றார். அவர் காரிலேயே என் அக்கா வெண்டியின் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இங்கே விறகுக் கணப்புதான். யாருக்குக் குளிர்கிறதோ அவர்கள் எழுந்து ஒரு கட்டையைப் போடுவார்கள். வந்த அன்று கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, போடட்டுமா?" என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்குச் சற்று நேரம் புரியவே இல்லை.

நேற்று கணப்புச் சூட்டில் மைரி காலுறைகூட இல்லாமல் தரையில் தவழ்ந்தாள். நீ பார்க்கவில்லை. பார்க்க ஆசை இருந்தால் முதலில் எழுதிக் கேள். யோசித்துப் பதில் போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் மகளுக்காகவாவது நல்லவனாக இரு.

லியோனி