ஒழுகிய வீட்டின் விலாசம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் வீடும் சௌக்கியம். அங்கே நீயும் மருமகளும் என் பேத்தியும் சௌக்கியம்தானே, குழந்தைக்குச் சளி விட்டதா இல்லையா என்று முதலில் எழுது. புயல் அடித்த மறுநாள் போனில் நீ போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. போதும்மா, வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடு, இந்த வயசுல கூரையைக் கட்டிக்கிட்டு மாரடிக்க வேண்டாம் என்றாய். சரி பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், அது உனக்குத் தெரியாது. ஓடு பறந்ததற்காக இல்லையடா, இந்த வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்குமோ என்ற பயத்தில். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தேன், கூரையை ஒழுங்காகப் போட ஓர் ஆள் கிடைத்தால் உன் வாயையும் சேர்த்து அடைத்துவிடலாம் என்று தோன்றியது. அன்றைக்கே ஆள் தேட இறங்கிவிட்டேன்.

முதலில் வந்தது, கூரை போட்டே தீருவேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததும் நீ இன்டர்நெட்டில் நட்சத்திர மார்க் பார்த்துப் பிடித்துக் கொடுத்த கம்பெனி. மடிப்புக் கலையாத சட்டையோடு வந்த அந்த ஆள் ஏணிகூடக் கேட்கவில்லை, கேட் பக்கத்திலேயே நின்று அண்ணாந்து பார்த்து, மொத்தக் கூரையையும் பிரிக்கணும், இன்னைக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ரேட்டு என்றார். அடுத்தவருக்குப் பேச்செல்லாம் தேன். நீங்க எனக்கு அம்மா மாதிரி என்று ஆரம்பித்து அட்வான்ஸில் வந்து நின்றார். மூன்றாவது ஆளுக்கு நான் வைத்த பேர் முணுமுணுப்பு. மேலே ஏறியதிலிருந்து இறங்கும்வரை, எவன்டா இங்க ஆணி அடிச்சவன் என்று திட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஆணியெல்லாம் உன் அப்பா உயிரோடு இருந்தபோது அவர் கையால் அடித்தவை, நான் வாயே திறக்கவில்லை.

மூன்று பேரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன். நீங்க போட்ட கூரை எங்கேயாவது ஒழுகியிருக்கா, ஒழுகியிருந்தா அந்த வீட்டு விலாசம் கொடுங்க என்றேன். சட்டைக்காரர் சிரித்தே விட்டார், எங்க சர்வீஸ்ல அந்தப் பேச்சே கிடையாது மேடம் என்றார். தேன்வாய்க்காரர் பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். எனக்குத் தெரிந்த தொழில் தையல் ஒன்றுதான். அக்குளில் பிடிக்கிறது என்று ஒரு துணிகூடத் திரும்பி வந்ததில்லை என எந்தத் தையல்காரியாவது சொன்னால், அவளிடம் நான் கைக்குட்டைகூடத் தைக்கக் கொடுக்க மாட்டேன். முணுமுணுப்பு மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு பேக்கரி இருக்கு, அதுல நான் போட்ட மாடிக் கூரை ரெண்டு தடவை ஒழுகிச்சு, போய்ப் பாருங்க, ஆனா அந்தம்மாகிட்ட என் பேரைச் சொல்லாதீங்க, அடிச்சாலும் அடிக்கும் என்றார்.

போனேன், பேரையும் சொன்னேன். கை நிறைய மாவோடு வெளியே வந்த பேக்கரி அம்மாள் அவரைத் திட்டினாள் பார், அப்பப்பா! மாவு மூட்டை நனைந்தது, கூப்பிட்டதும் கொட்டுகிற மழையில் அவர் வந்து கூரைமேல் படுத்துக்கொண்டு ஓட்டையைத் தேடியது, அடைத்தும் மறுபடி ஒழுகியது, மறுபடி வந்து அந்தப் பக்கம் முழுவதையும் காசு வாங்காமல் பிரித்துப் போட்டுக் கொடுத்தது எல்லாம் திட்டோடு திட்டாக வந்தது. சரிம்மா, இனிமே ஒழுகினா யாரைக் கூப்பிடுவீங்க என்று கேட்டேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து, அந்த ஆளைத்தான், வேற எவன் வருவான் என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் தேவையே இல்லாமல் இரண்டு பாக்கெட் ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

வேலை முடிந்துவிட்டது. மொத்தக் கூரையும் இல்லை, முணுமுணுப்பு தெருப்பக்கச் சரிவை மட்டும் பிரித்து, உளுத்த கட்டைகளை மாற்றிப் புது ஓடு போட்டார். போன வாரம் கொட்டோ கொட்டென்று மழை. உன் அறையின் நடுவே நாற்காலி போட்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தேன், ஒரு சொட்டு இல்லை. சந்தோஷம் தாங்காமல் முணுமுணுப்புக்குப் போன் போட்டேன். பதறிப்போய், எந்தப் பக்கம்மா ஒழுகுது, இதோ வரேன் என்றார். ஒழுகலைன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க என்று முணுமுணுத்துக்கொண்டே சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆகவே நான் அங்கே வந்து இருக்கப் போவதில்லையடா. நீ கூப்பிட்டது பாசத்தில் என்று தெரியும், உன்மேல் துளி வருத்தம் இல்லை. ஆனால் நான் இங்கே தனியாகக் கிடக்கிறேன் என்று நீயாக நினைத்து உருகாதே. சந்தோஷமாக இருக்கிறேன், அதை நம்பு. நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும், பேத்திக்கு என் முத்தம், மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். ஒன்றை மட்டும் மறக்காதே, லீவு கிடைத்து வரும்போது வீட்டுத் தரகரைக் கூட்டி வராதே, மருமகளையும் பேத்தியையும் கூட்டி வா.

என் வீட்டிலிருந்து,
உன் அம்மா