கதவுக்குள் உருண்ட சத்தம்

இன்று பாமன்கடையில் பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்தேன். ஒரு கராஜ் வாசலில் யாரோ மண்ணெண்ணெய் ஊற்றிக் கிறீஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் சட்டையில் இருந்த மணம். நமது ஜீப்பின் சத்தத்தைப் பற்றி உங்களிடம் சொல்லாமலே விட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கிழட்டு ஜீப்பை ஓட்டுவது நான், வைத்தியம் பார்ப்பது நீங்கள். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு நீங்கள் ரயிலில் வேலைக்குப் போவீர்கள். நான் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க ஜீப்பில் போவேன். போர்க்காலம், வழிநெடுக ஆமியின் சோதனைச் சாவடிகள். அடையாள அட்டையைக் கேட்டால் தமிழர் என்று தெரிந்துவிடும்தான். ஆனாலும் நெற்றியில் பொட்டில்லாவிட்டால் பல நாள் மறிக்காமலே விட்டுவிடுவார்கள். நீங்களோ வீட்டுக்கு வருகிற சொந்தக்காரரிடமெல்லாம், "என்ர மனுசி ஆருக்கும் பயந்து பொட்டு அழிக்கமாட்டா" என்று பெருமையடிப்பீர்கள். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஏனென்றால் காலி வீதிக்கு ஏறியதும் முதல் வேலையாகப் பொட்டை அழிப்பவள் நான். திரும்பி வரும்போது நமது வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கைக்குள் நிறுத்திக் குங்குமச் சிமிழைத் திறந்து மறுபடி வைத்துக்கொள்வேன். ஒருநாள் அழித்த கையோடு, வழக்கமில்லாத இடத்தில் ஒரு ஆமிக்காரன் கை காட்டினான். பதற்றத்தில் சிமிழைக் கதவின் விளிம்பில் செருகினேன். அது கண்ணாடி இடுக்கால் நழுவிக் கதவுக்குள் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து வளைவுக்கு வளைவு ஒரு கடகடப்பு.

ஆம், முதல் நாளே எனக்குத் தெரியும். நீங்கள் சைலன்சரைக் கழற்றியபோதும், ஸ்பிரிங்குகளுக்குக் கீழே இரண்டு ஞாயிறு மல்லாந்து கிடந்தபோதும் தெரியும். என்னை ஒழுங்கையில் ஓடவிட்டு, பின்னால் தரையில் காதை வைத்துக்கொண்டு, "உமக்குக் கேக்கேல்லையே?" என்றீர்கள். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

மூன்றாம் கிழமை கொட்டாஞ்சேனையில் உங்களுக்குத் தெரிந்த கராஜ்கார முஸ்லிம் நானாவிடம் கொண்டுபோனோம். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் ஈக்குது. வயசு போனா சத்தம் போடத்தானே செய்யும்" என்றார். என்னையே சொல்லிவிட்டதுபோல் உங்களுக்கு ரோஷம் வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். முடியவில்லை. ஊரெல்லாம் பெருமை பேசிய வாய் என் முன்னால் ஊமையாகிவிடுமோ என்று பயந்தேன். எந்தச் சாவடியிலும் அவ்வளவு பயந்ததில்லை.

நான்காம் ஞாயிறு நீங்கள் கதவின் உட்பலகையைக் கழற்றினீர்கள். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. சிமிழ் திறந்துபோய் உங்கள் விரலெல்லாம் சிவப்பு. வெளியே வந்தேன்.

"எப்ப இருந்து அழிக்கிறீர்?"

"பள்ளிக்கூடத்துக்குப் போகத் துவங்கின நாளிலை இருந்து."

ஏச்சு விழும் என்று நின்றேன். நீங்கள் பழந்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தீர்கள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "நான் ரயில் ஏற முந்தியே திருநீறை லேஞ்சியாலை துடைச்சுப்போடுறனான். வேர்வையிலை அழிஞ்சதெண்டு நீர் நினைச்சிருப்பீர்" என்றீர்கள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "பிறகேன் என்னைப் பற்றி ஊருக்கெல்லாம் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"ஒராளாவது அழிக்காமல் இருக்கிறா எண்டு நினைக்க ஆறுதலா இருந்தது."

அதற்குப் பிறகும் நாம் இருவரும் அழித்துக்கொண்டுதான் போனோம். ஆனால் காலையில் வாசலில் ஒருவர் நெற்றியை மற்றவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அந்தச் சிரிப்புக்காகவே அன்று கண்டுபிடித்தது நல்லது என்று நினைப்பேன்.

உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோன அன்று, முறைப்படி என் பொட்டை அழிக்க உங்கள் தங்கை ஈரத்துணியோடு வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆமிக்காரனுக்குப் பயந்து எத்தினையோ தரம் அழிச்சிட்டன், மச்சாள். இனி ஆருக்காகவும் அழிக்கமாட்டன்" என்றேன். அவள் இன்றும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. வருத்தம்தான், என்ன செய்ய?

இன்று காலையும் வைத்துக்கொண்டுதான் புறப்பட்டேன். வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் சொன்னது அந்த நாளில் பொய். இப்போது வந்து சொல்லுங்கள், பொய்யாகாது.