பாதியில் நின்ற கொடி

திஸ்டெட் அருகே, பிப்ரவரி 1934

அன்பு மகள் இங்கபோருக்கு,

இவ்வுறையின் ஓரம் கறுப்பாய் இல்லாமல் வெள்ளையாய் இருப்பதைக் கண்ட பின்னரே பிரித்திருப்பாய். ஆகவே அம்மா உயிருடன் இருக்கிறாள் என்பதை உன் கண்கள் முன்னரே உனக்குச் சொல்லியிருக்கும். நீயும் மருமகனும் குழந்தையும் கடலுக்கு அப்பால், இப்போது கோடை நடக்கும் அந்தத் ‘தண்டில்’ என்னும் ஊரில் நலமாய் இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். நாங்கள் நலம் என்று எழுத என் கை மறுக்கிறது. அம்மாவுக்கு நுரையீரல் காய்ச்சல். மருத்துவர் வந்து பார்த்தார், முதுகில் காது வைத்துக் கேட்டார், காய்ச்சல் தானே உச்சிக்கு ஏறித் தானே உடைய வேண்டும், உடையாவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பையை மூடிக்கொண்டார். மகளே, நம் சபை மன்றத்து மேடையில் எத்தனை முறை முழங்கியிருக்கிறேன், நம் இறைவன் மகிழ்ச்சியின் இறைவன், சாவைக் கண்டு நடுங்குவோர் அவனை அறியாதோர் என்று! அந்த நா இப்போது மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது. அஞ்சுகிறேன். அவள் இருமினால் அஞ்சுகிறேன், இருமாவிட்டால் அதனினும் அஞ்சுகிறேன்.

நேற்று அவள் பிறந்தநாள். பிறந்தநாளன்று வீட்டுக் கம்பத்தில் கொடி ஏற்றும் நம் வழக்கத்தைக் காய்ச்சலிலும் மறக்கவில்லை, “ஏங்க, கொடி ஏத்தலையா? படுத்த எடத்துலேருந்து பாக்கணும்” என்று கேட்டாள். ஓடினேன். சிவப்பும் வெள்ளையும் பனிக்காற்றில் விரிந்து மேலேறியது. கம்பத்தின் நடுவே வந்ததும் நின்றது. கயிறு உறைந்து கப்பியில் இறுகிவிட்டது. இழுத்தேன், தொங்கினேன், உள்ளங்கை கிழிந்தது. மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை. நம் ஊரில் அரைக்கம்பத்தில் கொடி நின்றால் அதன் பொருள் ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும். பிறந்தநாளுக்கு ஏற்றிய கொடியே அவள் சாவை ஊருக்கு அறிவித்துக்கொண்டு நின்றது. இறைவன் என்னோடு பேசுகிறானோ என்று அந்தப் பனியில் வியர்த்தேன். உள்ளே போய் முதல் வேலையாகச் சன்னல் திரையை இழுத்து மூடினேன். “ஏறிருச்சா?” என்றாள். ஏறிவிட்டது, வெளிச்சம் உன் கண்ணுக்கு ஆகாது என்றேன். அவளிடம் நான் சொன்ன பொய் அதுவே முதல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இத்தனை நடுங்கிச் சொன்னது அதுவே முதல்.

அதன் பின் நடந்ததைக் கேள். பக்கத்து வீட்டுத் தாக்மார் கறுப்புடை உடுத்து, சாவு வீட்டு வாசலில் தூவும் ஊசியிலைக் கொப்புகளை ஒடித்துக்கொண்டு வந்துவிட்டாள். உயிர் இருக்கிறது என்று நான் கிசுகிசுத்ததும், “அப்ப இந்த எலையெல்லாம் நான் என்னத்துல கொட்டுறது, பாவி மனுசா, எனக்கே உசிரு போயிருச்சே” என்று அழுதுகொண்டே திட்டிவிட்டுத் திரும்பினாள். அவளுக்குப் பின்னே வந்தவரை நீ எண்ணிக்கூடப் பார்க்க மாட்டாய். உன் தாய்மாமன் லௌஸ்ட். உன்னை வழியனுப்பிய நாளில் நாம் ஆடினோம் என்பதற்காக, ஆட்டம் பாவம், ஆடும் வீட்டில் மிஷன் சபைக்காரன் கால் வைக்க மாட்டான் என்று சொல்லிப் போன அதே லௌஸ்ட். வாசலில் மரக்காலணியைக் கழற்றினார், என் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே படுக்கையருகில் மண்டியிட்டு, உடைந்த குரலில் அடக்கப் பாட்டைத் தொடங்கிவிட்டார். தடுக்க என் வாய் திறப்பதற்குள் அம்மா கண் திறந்தாள். “அண்ணே, யாருக்குப் பாடுற?” என்றாள். அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. “நீ... நீ சாவலையா?” என்றார். “இன்னும் இல்ல. அதுக்காகத்தான் வந்தியா? உசிரோட இருந்தப்ப வரத் தோணலையா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்கப் போய், மூச்சு அடைத்து, உதடு நீலம் பாரித்து, நாங்கள் இருவரும் தூக்கி உட்காரவைத்த பிறகே திரும்பி வந்தாள். வந்ததும் திரையைக் காட்டினாள். நான் அசையவில்லை. லௌஸ்ட் விலக்கினார். அவள் வெகுநேரம் பார்த்தாள். பின்பு, “அதுவும் பாதியிலதான் நிக்குது, என்னய மாதிரி. இருட்டுறதுக்குள்ள ஏத்துங்க, இல்ல எறக்குங்க. அப்படியே விட்டுறாதீங்க” என்றாள்.

கதிர் மறைந்த பின்னும் பறக்கும் கொடி சாத்தானுக்குப் பறப்பது என்பார்களே, அதை நான் சிரித்து ஒதுக்கியவன், லௌஸ்ட் உயிராய் நம்புபவர். நேற்று இருவரும் ஒன்றாகவே நம்பினோம். மேற்கே கடல்பக்கம் சிவந்துகொண்டிருக்க, அடியாணியைத் தட்டிக் கழற்றி, கம்பத்தையே தோளில் தாங்கி மெல்லப் பனிமேல் சாய்த்தோம். கொடியை அவரே மடித்தார். மண்ணில் ஒரு நுனியும் படவில்லை. உள்ளே வந்து ஆளுக்கொரு பக்கம் அமர்ந்தோம். “மாப்ளே, மன்றத்துல அந்தக் கத்து கத்துவியே, இப்ப அவளுக்காக ஒரு வார்த்த ஜெபம் பண்ணு” என்றார். வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஏளனம் செய்வார் என்று காத்திருந்தேன். “வரலன்னா விடு. ஒனக்கும் சேத்து நானே பண்ணிக்கறேன்” என்றார். இன்று வரை அவர் வீடு திரும்பவில்லை. கம்பம் இன்னும் பனியில் கிடக்கிறது. அதை நிமிர்த்த இருவர் வேண்டும். அவள் எழுந்தால் தூக்குவோம் என்று பேசி வைத்திருக்கிறோம். எழாவிட்டால் என்ன செய்வோம் என்று இருவரும் பேசவில்லை. காய்ச்சல் இன்னும் உடையவில்லை.

நீ கப்பலேறி வராதே. இக்கடிதம் உன் கையில் விழும்போது இங்கே முடிவு எதுவாயினும் ஆகியிருக்கும். குழந்தையோடு குளிர்காலக் கடலில் வரும் உன்னையும் எண்ணி அஞ்ச என்னிடம் அச்சம் மிச்சமில்லை. குழந்தைக்கு நெஞ்சுச்சளி பிடித்தால் நாளை பார்க்கலாம் என்று இராதே. மாமனுக்கு இரண்டு வரி எழுது. ஆட்டத்தைப் பற்றி எழுதாதே.

உறை வாங்கக் கடைக்குப் போனேன். கொடியைக் கண்டிருந்த கடைக்காரர், ஒரு சொல்லும் கேளாமல் சாவுச் செய்திக்குரிய கருங்கரை உறைகளை எடுத்து என் முன் வைத்தார். மேடைக்குரல் அங்கேதான் எனக்குத் திரும்பி வந்தது: “வெள்ளை! வெள்ளையே குடுய்யா!” என்று கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது. இரண்டு வாங்கினேன். ஒன்று இது. மற்றொன்றில் உன் முகவரியை எழுதி, அம்மா தன் கையால் நிரப்பட்டும் என்று அவள் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இறைவன் உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

அஞ்சியபடி உன்னை வாழ்த்தும் தந்தை,
மிக்கெல்