பல்லில் ஒரு கோடு

பிப்ரவரி 9

பேக்கரி கல்லாவில் உட்கார்ந்து நம் பன்னையே கடித்தேன். பஞ்சு மாதிரி பன். கடைவாய்ப் பல்லில் ஒரு துண்டு பெயர்ந்து வந்துவிட்டது. "பன்னுல கல்லு" என்று கத்தினேன். அவர் அடுப்பை விட்டு ஓடி வந்து, "மெதுவா சொல்லு. கல்லாவுல இருக்கிறவளே கல்லுன்னா யாருடி வாங்குவாங்க?" என்றார். கல் இல்லை, பல் என்று காட்டினேன். அப்புறம்தான் முகம் மாறியது.

பிப்ரவரி 11

புதிய பல் டாக்டர். என்னைவிடச் சின்னவள். வாயைத் திறந்துவிட்டு வழக்கமான திட்டுக்காகக் காத்திருந்தேன். ஒழுங்கா தேய்க்கிறதில்லையா, இனிப்பு ஜாஸ்தியா. சின்ன வயதில் நான் பல் விளக்கி முடிக்கும்வரை அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அப்படியும் முன்பல்லெல்லாம் மஞ்சள் திட்டு, பள்ளம், குறுக்கே கோடு.

இவள் திட்டவில்லை. "இது சொத்தை இல்ல. இடப்பக்கம் இருக்கிற மாதிரியே வலப்பக்கமும் இருக்கு பாருங்க. பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடி, ஈறுக்குள்ள எனாமல் உருவாகும்போதே குறை விழுந்திருக்கு. வாய்ப்புண் அடிக்கடி வருமா? ரத்தம் கம்மின்னு சொல்லியிருக்காங்களா? வயிறு எப்படி?"

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"சீலியாக்னு ஒரு நோயா இருக்கலாம். கோதுமையில இருக்கிற ஒரு புரதம் சிலர் குடலைப் புண்ணாக்கிடும். ரத்த டெஸ்ட் பண்ணுங்க. அதுவரைக்கும் ரொட்டியை நிறுத்தாதீங்க, ரிசல்ட் தப்பா வந்துடும்."

வீட்டுக்காரர் பேக்கரி வைத்திருக்கிறார் என்றேன். "அய்யய்யோ!" என்றாள், டாக்டர் என்பதை மறந்து.

பிப்ரவரி 12

தேய்க்காததால் இல்லை. தேய்க்காததால் இல்லவே இல்லை!

மார்ச் 6

ரத்த டெஸ்டும், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததும் ஒரே பதில்தான் சொல்கின்றன. சீலியாக். கோதுமை, பார்லி இனி ஆயுசுக்கும் கிடையாது. குடல் ஆறிவிடுமாம். போன எனாமல் போனதுதான், மேலே பூசி மூடலாம். சரி, எனக்கென்ன, தாங்கிக்கொள்வேன். ஆனால் கிளம்பும்போது வயிற்று டாக்டர், "குழந்தைக்கும் பாத்துடுங்க" என்றார்.

எங்கள் வாலுப் பெண்ணுக்கு இன்னும் மூன்று வயதுகூட ஆகவில்லை. அவளைத் தூக்கும் அப்பா கையெல்லாம் மாவு. நாமளே ஊட்டி ஊட்டி — வேண்டாம். எழுதவில்லை.

மார்ச் 19

வாலுக்கும் இருக்கிறது.

அவர் இன்று கடை திறக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், "வித்துடலாம்" என்றார். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "வித்துட்டு? நாள் பூரா வீட்ல உக்காந்து என்னைப் படுத்தவா? மாவு வாசப்படி தாண்டாம பாத்துக்கிட்டா போதும்." சிரித்துவிட்டார். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

ஏப்ரல் 27

இப்போதெல்லாம் கடையிலேயே குளித்து, உடை மாற்றித்தான் வீட்டுக்கு வருகிறார். வீட்டு அடுப்பில் அரிசிமாவு ரொட்டிச் சோதனை. இன்றையதைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம். வாலு நக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். என் முன்பற்களுக்குப் பூச்சு முடிந்தது. கண்ணாடியில் யாரோ.

ஜூலை 2

வாய்ப்புண் அறவே இல்லை. வாலு கனத்துவிட்டாள், இடுப்பில் வைத்தால் கை கடுக்கிறது. கடுக்கட்டும்.

அக்டோபர் 14

எழுதி மூன்று வருடத்துக்கு மேலாகிறது. குறை ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

வாலுக்குக் கீழ்வரிசையில் பால்பல் விழுந்த இடத்தில் புதுப் பல் எட்டிப் பார்க்கிறது. நுனியில் மஞ்சள். குறுக்கே கோடு. என் கோடு. இத்தனை காத்தும்? பாத்திரம் கழுவுகிற சாக்கில் சமையலறையில் நின்றுகொண்டேன். அவர் வந்து பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தார்.

டிசம்பர் 5

அதே பல் டாக்டர். பல் பாதிக்கு மேல் வந்துவிட்டது. அதை உலர்த்தி, எங்களைக் கிட்டே கூப்பிட்டாள்.

"பல்லு நுனியிலிருந்து ஈறுப் பக்கமா உருவாகும். இந்த நுனி அவ ரொட்டி தின்ன ஆரம்பிச்ச வயசுல உருவானதா இருக்கும். அதுக்குக் கீழ பாருங்க. நீங்க சாப்பாட்டை மாத்தினப்புறம் வந்ததுன்னுதான் நினைக்கிறேன்."

கோட்டுக்குக் கீழே வழவழவென்று வெள்ளை. ஈறுவரை வெள்ளை.

"நகரு, நானும் பாக்கணும்" என்று அவர் என் தோளை இடித்தார்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க, வாய் வலிக்குது" என்றாள் வாலு.

நாங்கள் தள்ளவில்லை.