மிளகோட முடி

என்னங்க,

தோசை மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. சட்னி நீங்களே அரைச்சுக்குங்க.

தூண்டில்ல கட்டுற பொய்ப்பூச்சி செய்யப் பூனை முடி கேட்டாரே அல்வால்ல இருக்குற ராகவேந்திரா, அவர் வந்தா மேஜை மேல இருக்குற கவரைக் கொடுங்க. நம்ம பூனை மிளகைச் சீப்பால வாரி எடுத்த முடி. அது தூங்குறப்ப வால் முடியைக் கத்தரிச்சீங்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல. கத்தரிக்கோல் என்கூட ஆபீஸுக்கு வருது.

வாரும்போது ஒரு முடி ஜன்னல் வெயில்ல மெதுவா மிதந்துச்சு. பூச்சின்னு நெனச்சு மிளகே தாவுச்சு. கொஞ்ச நேரம் நம்ம ஹாலே ஆத்துத் தண்ணிக்குள்ள இருக்குற மாதிரி இருந்துச்சு. சண்டையை மறந்து உங்களைக் கூப்பிட வாயெடுத்தேன்.

வேதா

பி.கு.: கவருக்குள்ள நீளமா ஒரு நரைமுடி இருக்கும், என்னோடது. அதை அவருக்குக் கொடுத்துடாதீங்க. உங்க தூண்டில் பூச்சியில நீங்களே கட்டுங்க.